மீட்டர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்

நான் எழுதிய நோட்டை இன்னொருவர் உரக்கப் படித்து நான் கேட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். கடலூரில், தொழிலாளர் அலுவலகத்தின் விசாரணை அறையில். சித்திரை மாதத்துப் புதன்கிழமை, காலை பதினொன்று இருபது.

"செவ்வாய். குணசேகரன், ஒன்பது முதல் ஐந்தரை. வேலை முடிந்தது. புதன். குணசேகரன், ஒன்பது முதல் ஐந்தரை. வேலை முடிந்தது. வியாழன்..."

படித்தவர் எங்கள் காண்ட்ராக்டரின் மேனேஜர். நல்ல குரல். நிறுத்தி நிதானமாகப் படித்தார். எதிர்ப் பெஞ்சில் குணசேகரனும் அவரோடு மூன்று பிளம்பர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வரியையும் உண்மை என்று நம்பித்தான் எழுதியிருந்தேன். அவர் படிக்கப் படிக்க, ஐந்தாவது வரியிலோ ஆறாவது வரியிலோ, எனக்கு அது வேறு யாரோ எழுதியதுபோலக் கேட்டது.

குழாய் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் இப்போது சைட்டில் வருகை நோட்டும் எழுதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பைப்பை எப்படி ஒட்டுவது, எங்கே வால்வு போடுவது என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நோட்டு எழுதுவதைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அதில்தான் நான் தவறினேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் பிளம்பர். பிறகு இருபத்தாறு வருடம் சூப்பர்வைசர். வீடு சிதம்பரத்தில். எதையும் நாள் கிழமையோடு எழுதி வைப்பது சின்ன வயதிலிருந்தே இருக்கும் பைத்தியம். மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது, தேர் எத்தனை மணிக்கு நிலைக்கு வந்தது, எல்லாம் என் நோட்டில் இருக்கும். பழைய நாட்குறிப்புகள் கிடைத்தால் விடாமல் படிப்பேன். கப்பல் வந்த நேரத்தையும் பீரங்கி வெடித்த எண்ணிக்கையையும் எழுதி வைத்தவர்கள்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. கப்பலில் வந்த மூட்டையை இறக்கியவன் அன்றைக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனான் என்று அவர்கள் எழுதவில்லையே என்ற கேள்வி அப்போது எனக்கு வரவில்லை.

விஷயம் நடந்தது சிதம்பரத்தில் கட்டிய நான்கு மாடி லாட்ஜ் ஒன்றில். ஆனித் திருமஞ்சனத்துக்குள் திறந்துவிட வேண்டும் என்று அதன் உரிமையாளர் ஒற்றைக் காலில் நின்றார். மார்கழியிலிருந்து பங்குனிவரை ஒவ்வொரு மாடியாகக் குழாய் போட்டோம். போட்ட ஒவ்வொரு லைனையும் டெஸ்ட் செய்ய வேண்டும். லைனில் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் மூன்று மணி நேரம் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். சுவரைப் பூசி டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒழுகினால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். அதனால் மூன்று மணி நேரமும் ஒருவர் மீட்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் எனக்கு அனுப்ப வேண்டும்.

டெஸ்ட் எப்போதும் மாலை ஐந்தரைக்குத்தான் தொடங்கும். ஐந்தரைக்கு அன்றைய வேலையும் முடியும். நான் நோட்டில் "வேலை முடிந்தது" என்று எழுதி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். குளித்து, சாப்பிட்டு, ஈசிச்சேரில் படுத்துப் படித்துக்கொண்டிருக்கும்போது போன் டிங் என்னும். ஆறு மணி போட்டோ. மறுபடியும் டிங். ஆறரை. இப்படி எட்டரை வரைக்கும். ஒவ்வொன்றையும் பார்த்து ஒரு கட்டைவிரலைப் பதிலுக்கு அனுப்புவேன்.

டெஸ்ட் நேரத்தை வேலை நேரமாக எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை. எனக்கு முன்பு நோட்டு எழுதியவரும் எழுதவில்லை. பைப்பில் கை இருந்தால்தான் வேலை. மீட்டர் முன்னால் இருப்பது சும்மா உட்கார்ந்திருப்பது. யாரும் அதைச் சட்டமாகச் சொன்னதில்லை. கேள்வி கேட்டதும் இல்லை.

முதலில் கேட்டவர் குணசேகரன். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாற்பது வயது. எனக்கு உறவில்லை, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவார். அவர் போட்ட ஜாயிண்ட் ஒழுகி நான் பார்த்ததில்லை. அதனாலேயே டெஸ்ட்டுக்கும் அவரையே அதிகமாக உட்கார வைப்பேன்.

பங்குனி மாதம், உத்திரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை அவர் ஒன்பது நாற்பதுக்கு வந்தார். நான் வழக்கப்படி "நாற்பது நிமிடம் தாமதம், கால் நாள் கழிவு" என்று எழுதினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தார்.

"மாமா, நேத்து எட்டரைக்கு டெஸ்ட்ட முடிச்சேன். போட்டோ அனுப்புனேன், நீங்களும் வெரல காட்டுனீங்க. அப்புறம் பம்பு கழட்டி, தண்ணி வடிச்சி, பஸ் புடிச்சி ஊட்டுக்குப் போவ பத்தரை ஆயிடிச்சி. காலைல ஏழு மணி பஸ்ஸ உட்டுட்டேன். நாப்பது நிமிஷம் லேட்டுன்னு எழுதுறீங்க. நேத்து மூணு மணி நேரம் ஒக்காந்தனே, அத எதுல எழுதுனீங்க?"

"டெஸ்ட்டுக்கு எழுதுற வழக்கம் இல்லியேப்பா. சும்மா ஒக்காந்திருக்கறதுதான?"

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் முகம் மாறிய விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"காசு கூட ஜாஸ்தியா கேக்கல மாமா. நான் சும்மா ஒக்காந்திருந்தேன்னு சொல்றீங்க பாருங்க, அதான் என்னால தாங்க முடியல. அந்த முள்ளு எறங்கிச்சின்னா ஏன் எறங்குச்சின்னு என்னத்தான கேப்பீங்க?"

இரண்டு வாரம் கழித்து நான்கு பேரும் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டார்கள். டெஸ்ட் பார்த்த நேரமும் வேலை நேரம்தான். எட்டு மணி நேர வேலைக்குமேல் பார்த்த அந்த நேரத்துக்குச் சட்டப்படி இரண்டு மடங்கு கூலி வேண்டும். இதுதான் மனு. அந்த இரண்டு மடங்கு விஷயம் எனக்குத் தெரியாததல்ல. எத்தனையோ படித்தவன். ஆனால் அது ஏதோ மில் தொழிலாளிக்கு எழுதிய சட்டம் என்பதுபோல மனதில் ஒதுக்கி வைத்திருந்தேன்.

விசாரணைக்குக் காண்ட்ராக்டரே என்னைத் தன் காரில் அழைத்துப் போனார். புவனகிரி தாண்டும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அண்ணே, நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வாணாம். நோட்டு உங்களுது, கையெழுத்து உங்களுது. ஆமான்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல பேச வாணாம்."

பொய் சொல்ல வேண்டாம் என்றது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

மேனேஜர் படித்து முடித்ததும் நோட்டை உயர்த்திக் காட்டினார்.

"மேடம், இவரப் பத்தி ஊர்ல யார வேணா கேளுங்க. அஞ்சி நிமிஷம் மழை பேஞ்சாலும் எழுதி வப்பாரு. இந்த நோட்ட நம்பாம வேற எத நம்புறது?"

என் நோட்டை அதுவரை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. ஆசைப்பட்ட பாராட்டு. அது வந்த இடம்தான் சரியில்லை.

விசாரித்த அதிகாரி நடுவயதுப் பெண்மணி. குணசேகரன் பக்கம் திரும்பினார். குணசேகரன் தன் போனை நீட்டினார். மூன்று மாதத்து மீட்டர் போட்டோக்கள், ஒவ்வொன்றின் கீழும் நேரம், அதற்கும் கீழே என் கட்டைவிரல்.

மேனேஜர் சிரித்தார். "பாத்தோம் மேடம். நாங்க மறுக்கல. அர மணிக்கு ஒரு போட்டோ. ஒரு போட்டோவுக்கு ஒரு நிமிஷம். மூணு மணி நேரத்துக்கு ஆறு போட்டோ, ஆறு நிமிஷ வேலை. மிச்ச நேரம் போன்ல படம் பாத்துக்கினு இருந்திருப்பாரு. அந்த ஆறு நிமிஷத்துக்கு வேணா டபுள் சம்பளம் குடுத்துடறோம்."

பெஞ்சில் குணசேகரனுக்குப் பக்கத்தில் இருந்தவர் அந்தோணி. அவரும் முதுநகர்தான். அவர் குரலைத் தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்: "ஆறு நிமிஷத்துக்கு டபுள்னா பன்னண்டு நிமிஷம். ஏன் மச்சான், ஒரு டீக்குத் தேறுமா?"

அதிகாரி அவரைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். அந்தோணி வாயை மூடிக்கொண்டார். ஆனால் டீ என்ற அந்தச் சொல் என்னை எங்கோ கொண்டுபோய்விட்டது. மாசி மாதத்துப் பக்கம் ஒன்று கண்முன் வந்தது. மேனேஜர் மஞ்சள் காகிதம் ஒட்டி அடையாளம் வைத்திருந்த பக்கங்களில் அது இல்லை.

அதிகாரி என்னைக் கேட்டார். "நோட்டு உங்களுதுதானே?"

"ஆமா மேடம்."

"கையெழுத்து?"

"என்னுதுதான்."

"அஞ்சரைக்கு மேல இவங்க எங்க இருந்தாங்க?"

"பில்டிங்லதான்."

"போட்டோ எடுத்துட்டு, அடுத்த போட்டோவுக்குள்ள வெளிய போயிட்டு வரலாமா? அவங்க இஷ்டமா?"

காண்ட்ராக்டர் தொண்டையைக் கனைத்தார். நான் பதில் சொல்லாமல் இருந்த நேரம் பத்து விநாடி இருக்கலாம். அந்தப் பத்து விநாடியில் நினைத்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. இந்த வயதில் வேறு எவரும் வேலை தரமாட்டார்கள். "தெரியலை மேடம்" என்றால் போதும். அது பெரிய பொய்யும் இல்லை. நோட்டை மூடிவிடுவார்கள். சாயங்காலம் காரிலேயே வீட்டில் இறக்கிவிடுவார்கள். இவ்வளவும் வரிசையாக வந்தது. குணசேகரன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது. அதுதான் என்னால் பொறுக்க முடியாததாக இருந்தது.

"மேடம், மாசி மாசத்துப் பக்கம் பாருங்க. ரெண்டாவது வெள்ளிக்கிழமை."

அவர் நோட்டை வாங்கிப் பக்கத்தைத் தேடினார். மேனேஜர் எட்டிப் பார்த்தார். அதிகாரி மெதுவாகப் படித்தார்.

"குணசேகரன், ஒன்பது முதல் ஐந்தரை. வேலை முடிந்தது." அடுத்த வரிக்கு வந்தார். "குணசேகரன். மாலை ஏழு மணி போட்டோ வரவில்லை. போனில் விசாரித்ததில் டெஸ்ட்டை விட்டு டீக்கடைக்குப் போனதாகத் தெரிந்தது. அரை நாள் கழிவு."

அன்றைக்கு ஒழுகியதா என்றால் இல்லை. முள் அசையக்கூட இல்லை. அவர் இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். நான் ஈசிச்சேரில் படுத்தபடியே அந்த வரியை எழுதினேன்.

அதிகாரி இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"அஞ்சரைக்கு முடிஞ்சிபோன வேலைய, ஏழு மணிக்கு எப்படிங்க ஒருத்தர் விட்டுட்டுப் போக முடியும்?"

நானும் நோட்டை எட்டிப் பார்த்தேன். இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. ஒரே பேனா, ஒரே நாள், ஒரே ஆள் எழுதியது. எத்தனையோ முறை அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். கண்ணில் பட்டதே இல்லை.

"உங்கள யார் இப்படி எழுதச் சொன்னது?" என்று கேட்டார்.

காண்ட்ராக்டர் பக்கம் கையைக் காட்டியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல அவசியமே ஏற்பட்டதில்லை.

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான் எழுதுனேன்."

வெளியே வந்தோம். காண்ட்ராக்டரின் கார் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. நான்கு பேரும் கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் நின்றேன். ஏதோ ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் போனேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

குணசேகரன் டம்ளரை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "அந்த அர நாளு காண்ட்ராக்டரு புடிச்சதுன்னுதான் மாமா நெனச்சிக்கினு இருந்தேன். அதுக்கு அவர எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? நீங்களா புடிச்சீங்க?"

"நாந்தான்."

"ஒரு டீக்கா?"

சட்டைப் பையிலிருந்து அரை நாள் கூலியை எடுத்து நீட்டினேன். வேண்டாம் மாமா என்பார் என்று நினைத்தேன். அவர் வாங்கி, எண்ணிப் பார்த்து, பையில் வைத்துக்கொண்டார். அது சரிதான். அவருடைய பணம்.

அந்தோணிதான் எனக்கும் ஒரு டீ சொன்னார். "குடிங்க. யாரும் போட்டோ கேக்க மாட்டாங்க."

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது சிறியதுதான். நோட்டில் ஆள் உள்ளே வந்த நேரத்தையும் கேட்டைத் தாண்டி வெளியே போன நேரத்தையும் எழுதுங்கள். நடுவில் அவர் பைப் பிடித்தாரா, மீட்டர் பார்த்தாரா, தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தாரா என்று அளந்து கழிக்கும் வேலை உங்களுடையது அல்ல. சந்தேகம் வந்தால் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இவர் இப்போது எழுந்து வீட்டுக்குப் போனால் நான் ஏதாவது சொல்வேனா? சொல்வேன் என்றால் அது வேலை நேரம். எட்டு மணி நேரத்துக்குமேல் போனால் இரண்டு மடங்கு. சுத்தமாக எழுதுகிறோம், நிமிடம் தவறாமல் எழுதுகிறோம் என்ற பெருமை எனக்கு இருந்தது. எதை எழுதாமல் விட்டேன் என்று அந்தப் பெருமை என்னைப் பார்க்கவிடவில்லை.

மேலும் இரண்டு தடவை விசாரணை நடந்தது. ஆடி மாதம் உத்தரவு வந்தது. டெஸ்ட் பார்த்த நேரமெல்லாம் வேலை நேரம். எட்டு மணி நேரத்துக்குமேல் போன ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மடங்கு. நான்கு பேருக்கும் காண்ட்ராக்டர் இரண்டு தவணையில் கொடுத்தார். என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. வருகை நோட்டை வாங்கி மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, என்னை ஸ்டோரில் உட்கார வைத்தார். சாமான் வந்தால் எழுத வேண்டும், போனால் எழுத வேண்டும். எனக்கு அதில் வருத்தமில்லை.

உங்களிடம் நான் சொல்லத் துடிப்பது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

ஆவணியில் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை தொடங்கியது. என் ஸ்டோரும் அங்கேயேதான். மொட்டை மாடி லைனை டெஸ்ட் செய்ய வேண்டிய நாள். டெஸ்ட்டை ஏன் மாலையில்தான் வைக்கிறோம் என்று கேட்டால் எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம்: வெயிலில் பைப் சூடானால் முள் ஏறி இறங்கும், அளவு சரியாக வராது. நானும் இருபத்தாறு வருடம் அதையே சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட.

அன்று காலை எட்டரை மணிக்கு ஒரு மினி வேனில் பழைய சாக்குகள் வந்து இறங்கின. ஒன்பது மணிக்கு அவற்றை நனைத்து மாடி பைப்பின்மேல் வரிசையாகப் போர்த்தினார்கள். மேனேஜர் கீழேயிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார்: "பத்து மணிக்கு டெஸ்ட்டு ஆரம்பிச்சாவணும்! அஞ்சரைக்கு மேல ஒரு ஆளு உள்ள இருக்கக் கூடாது! இருந்தா டபுளு!"

பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு டெஸ்ட் முடிந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. முள் நூலளவும் அசையவில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்த குணசேகரனைக் கேட்டேன். "சாக்கு போடலாம்னு யார்ப்பா சொன்னது?"

"இதுல என்னா மாமா சொல்றதுக்கு இருக்கு? ஈரச் சாக்கு போட்டா பைப்பு குளுந்துக்கினு இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? எத்தினியோ வருசமா தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"ஆடி மாசம் வரைக்கும் யாருக்கு மாமா வேண்டியிருந்திச்சி?"

அவர் சாப்பிடப் போய்விட்டார். நான் ஸ்டோருக்குள் வந்து அன்றைய வரவை எழுத உட்கார்ந்தேன். பழைய சாக்கு, இருபது. விலையைப் போட வேண்டிய கட்டத்தில் விலையைப் போட்டேன். போட்டுவிட்டு, இருபதுக்கும் கூட்டிப் பார்த்தேன். அது ஒரு ஆளின் ஒரு நாள் கூலிகூட இல்லை.